புல்லுக்குக் காயம் படக்கூடாது

எங்கள் ஊரில் ஒரு கோட்டை இருக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்திவிட்டு எங்கே எங்கே என்று தேடுவார்கள். கோட்டை மரத்தால் ஆனது. அது மக்கிப்போய் எண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மிச்சம் இருப்பது மண்தான். மூன்று மாடி உயரத்துக்குச் செங்குத்தாக ஒரு மேடு, அதன் காலடியில் ஆடு மேயும் ஒரு முற்றம், இரண்டையும் சுற்றித் தண்ணீர் இல்லாத ஓர் அகழி. கடல் தாண்டி வந்த நார்மன் பிரபு ஒருவன் எங்கள் முன்னோர்களைக் கூடை கூடையாக மண் சுமக்கவைத்து இதை எழுப்பினான். எழுப்பி முடித்த மறுவருஷம் வயிற்றுப்போக்கில் செத்துப்போனான். வெஸ்கோட் ஊர்க்காரர்களான நாங்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரே ராணுவ வெற்றி அதுதான்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை இங்கிலாந்து முழுக்க அப்பம் சுட்டுத் தின்பார்கள். நாங்களும் சுடுவோம். பல் மிச்சம் இருப்பவர்கள் தின்போம். அன்றைக்கு மத்தியானம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டின்லி ஊரும் நாங்களும் அகழிக்குள் இறங்குவோம். பாதிரியார் ஒரு சின்ன மரப் பீப்பாயை முற்றத்தின் நடுவில் வீசி எறிந்துவிட்டு, தன் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவார். மாலையில் தேவாலய மணி அடிக்கும்போது பீப்பாய் மேட்டின் உச்சியில் எந்த ஊர்க்காரன் கையில் இருக்கிறதோ அந்த ஊர் ஜெயித்தது. கத்தி கூடாது, கண்ணை நோண்டக் கூடாது. மற்றதெல்லாம் அவரவர் மனசாட்சிப்படி.

இன்னொரு விதியும் உண்டு, அதுதான் பெரிய விதி: அகழிக்குள் நடந்தது அகழியோடு. உள்ளே உன் மூக்கை உடைத்தவனை வெளியே பார்த்தால் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்ல வேண்டும். முறைக்கக்கூடக் கூடாது. கணக்கு பாக்கி இருந்தால் அடுத்த வருஷம் அதே செவ்வாய்க்கிழமை, அதே அகழிக்குள் தீர்த்துக்கொள்ளலாம். மீறினால் போலீஸ் வராது. அதைவிட மோசமாக, ஊர் விலகிக்கொள்ளும். ஆடு குட்டி போடும் காலத்தில் எவனும் உதவிக்கு வரமாட்டான். என் தாத்தா காலத்தில் ஆமோஸ் பியூ என்பவர் அகழியை விட்டு ஓரடி வெளியே வந்தபிறகு ஒருவனை அறைந்துவிட்டார். அவருடைய பேரனுக்கு இன்றைக்கும் மதுக்கடையில் கடைசியாகத்தான் ஊற்றுகிறார்கள்.

என் அக்கா ஹெட்டி குதிரைக்கு லாடம் அடிப்பவள். போன வருஷ ஆட்டத்தில் மேட்டின் அடிவாரத்தில் கீழே விழுந்தாள். அப்போது டின்லியின் தலைவன் மெர்வின் குவில்லியம், மரம் அறுப்பவன், ஆணி வைத்த பூட்ஸோடு அவளுடைய வலது கைமேல் ஏறி நின்றான். ஓடும்போது தெரியாமல் மிதித்ததல்ல. நின்று, வானத்தைப் பார்த்து, மழை வருமா என்று யோசிப்பவன்போல் ஒரு சுற்றுச் சுற்றினான். இரண்டு விரல் அன்றோடு மடங்குவதை நிறுத்திவிட்டன. சுத்தியல் நழுவுகிறது. ஆணி கோணலாக இறங்குகிறது. பாதி லாயங்கள் வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தேவாலய வாசலில் மெர்வின் தொப்பியைத் தொடுவான்.

"கை எப்படி இருக்குங்க, ஹெட்டி?"

"நல்லா இருக்குங்க, மெர்வின். கேட்டதுக்கு நன்றிங்க."

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு ரப்பர் பந்தை எடுத்து அமுக்க ஆரம்பிப்பாள். கல்லூரி விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்தபோதெல்லாம் அவள் அந்தப் பந்தோடுதான் இருந்தாள். கை சரியாவதற்கான பயிற்சி என்று நினைத்தேன். அப்புறம் கவனித்தால், அவள் அமுக்கிக்கொண்டிருந்தது இடது கையால். இந்த வருஷம் ஊருக்கு வேண்டியது பீப்பாய். ஹெட்டிக்கு வேண்டியது மெர்வினின் வலது கை. அதை அவள் ஒளிக்கவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மிஸ் ஆஷ்வொர்த் வந்து சேர்ந்தார். பழஞ்சின்னங்களைக் காக்கும் துறையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். மெலிந்த உடம்பு, சேறு படிந்த நல்ல காலணி, மண்ணைப் பற்றிப் பேசும்போது மட்டும் கண்ணில் ஈரம். ஊர் மண்டபத்தில் இரண்டு ஊரையும் உட்காரவைத்து, மேட்டில் புல் பெயர்ந்த இடங்களைத் திரையில் காட்டினார்.

"பாருங்க. இது ஒரு காயம். இதுவும் ஒரு காயம். தொள்ளாயிரம் வருஷம் தாங்கின மேடு உங்க பூட்ஸாலதான் கரையுது. இந்த வருஷம் கடைசி வாய்ப்பு. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் புல் பெயர்ந்தாக்கூட, ஆட்டம் அதோட நின்னுது. அடுத்த வருஷம் இல்ல, எப்பவுமே கிடையாது."

டின்லிக்காரன் ஒருவன் கை தூக்கினான். "மேடம், போன வருஷம் எனக்கு விலா எலும்பு உடைஞ்சுது. அதுக்குப் படம் எதுவும் எடுக்கலீங்களா?"

"அது வேற துறைங்க," என்றார் மிஸ் ஆஷ்வொர்த். கேலியாக இல்லை, உண்மையிலேயே வருத்தத்தோடு.

எங்கள் ஊர்த் தலைவர் ஐவர் ப்ரோபர்ட், கறிக்கடைக்காரர், எழுந்தார். கதவு அளவு ஆள். "எலும்பு உடையலாம், புல் உடையக் கூடாது. அவ்வளவுதானே? அப்ப பூட்ஸ் வேண்டாம். எல்லாரும் வெறுங்கால்ல இறங்குவோம்."

மெர்வின் எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினான். இரண்டு ஊரும் கைதட்டின. ஆட்டத்தின் வரலாற்றில் இரு தரப்பும் ஒத்துப்போன முதல் யோசனை அது. அதிலிருந்தே அது எப்படிப்பட்ட யோசனை என்று நாங்கள் புரிந்துகொண்டிருக்கலாம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மழை. செவ்வாய்க்கிழமை காலையிலும் மழை. அகழியில் இறங்கியபோது புல் பனிக்கட்டிபோலக் காலைச் சுட்டது. மிஸ் ஆஷ்வொர்த் மழைக்கோட்டுக்குள் ஒரு கட்டு மஞ்சள் கொடிகளோடு அகழியின் கரையில் நின்றார், காயம் பட்ட இடத்தில் குத்துவதற்கு. பாதிரியார் பீப்பாயை எறிந்தார். ஓடினார்.

வெறுங்காலோடு சண்டை போட்டால் சண்டை மென்மையாக இருக்கும் என்று நினைத்திருந்தோம். வெறுங்கால் பல்லுக்கு எட்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. முதல் மோதலிலேயே கீழே விழுந்த டின்லிக்காரன் ஒருவன் எங்கள் தபால்காரரின் கட்டை விரலைக் கவ்வினான். தபால்காரர் போட்ட அலறலில் முற்றத்து மூலையில் ஒதுங்கியிருந்த ஆடுகள் வேலியைத் தாண்டின. "விடுடா நாயே! அது என் கால்டா!" என்று அவர் கத்த, அவன் வாயை எடுக்காமலேயே ஏதோ பதில் சொன்னான். ஐவர் அவன் தாடையில் முழங்காலால் இடித்த பிறகுதான் விட்டான். விரல் நகம் அவனிடமே தங்கிவிட்டது.

எனக்கு முதல் குத்து என் கூடப் படித்தவனிடமிருந்து வந்தது. "நல்லா இருக்கியாடா, லூக்கு? காலேஜ்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டான். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயிலேயே குத்தினான். முன்பல் ஒன்று நாக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. துப்பிவிட்டு, தலையால் அவன் மூக்கில் முட்டினேன். இருவரும் ஒருவர் சட்டையில் ஒருவர் இரத்தம் வடித்துக்கொண்டு சற்று நேரம் கட்டிப்பிடித்து நின்றோம். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் சமாதானம் என்று நினைத்திருப்பார்கள்.

பீப்பாய் மேட்டின் அடிவாரத்துக்கு வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஆணி வைத்த பூட்ஸ் இல்லாமல் அந்தச் சரிவில் ஏற முடியாது. ஏறியவன் எல்லாம் வழுக்கி, தாடையால் உழுதுகொண்டு கீழே வந்தான். "உழாதீங்க! உழாதீங்க!" என்று கரையிலிருந்து மிஸ் ஆஷ்வொர்த் கத்தினார். எங்கள் ஐவர் ஏறப்போய், குப்புற விழுந்து, அப்படியே கிடந்தார். அவர் முதுகின்மேல் மெர்வின் கால் வைத்தான். வழுக்கவில்லை. மெர்வின் கீழே பார்த்தான். இந்த மாதிரி ஒரு வெளிச்சம் மனிதன் முகத்தில் எப்போதாவதுதான் வரும்.

"டேய் பசங்களா! வெஸ்கோட்காரனைப் படுக்கப் போடு! படி கட்டுங்கடா!"

அடுத்து நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. கட்டட வேலை. டின்லிக்காரர்கள் எங்கள் ஆட்களில் ஒவ்வொருவனாகப் பிடித்து, வயிற்றில் குத்தி மூச்சை எடுத்து, சரிவில் ஒருவனுக்கு மேல் ஒருவனாக அடுக்கினார்கள். எழ முயன்றவன் பிடரியில் முழங்கை விழுந்தது. எங்கள் ஊரும் சும்மா இருக்கவில்லை. பக்கத்திலேயே டின்லிக்காரர்களை வைத்து எங்களுக்கு ஒரு படிக்கட்டு கட்ட ஆரம்பித்தோம். ஒரு கீறல்கூடப் புல்லில் விழவில்லை. எல்லாம் மனிதன் மேலேயே விழுந்தது. ஒருவனுடைய தோள் கழன்றது. அவன் கத்த, கழன்ற கையைப் பிடித்தே இன்னொருவன் மேலே ஏறினான். கீழே இருந்தவன் மேலே இருந்தவனின் குதிகாலைக் கடித்தான். மேலே இருந்தவன் அதே குதிகாலால் அவன் வாயிலேயே உதைத்தான். மழைத்தண்ணீர் சரிவில் சிவப்பாக இறங்கியது. மிஸ் ஆஷ்வொர்த் ஒரு கொடியையும் குத்தவில்லை. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

என்னை எங்கள் ஆட்களே படியாக்கினார்கள். டின்லிக்காரர்கள் தீர்ந்துவிட்டார்களாம். உச்சிக்கு ஆளுயரம் கீழே, கடைசிப் படி நான். என் தலைக்கு மேல் மெர்வின் கிடந்தான். இடது கை பீப்பாயைக் கட்டியிருந்தது. வலது கை புல்லின் வேர்களுக்கு அடியில் மணிக்கட்டு வரை புதைந்திருந்தது. அந்தப் பிடி ஒன்றுதான் அவனைச் சரிவில் நிறுத்தியிருந்தது. இன்னொரு இழுப்பு, உச்சி.

அப்போது என் கீழிருந்து ஒவ்வொருவனாக முனகும் சத்தம் கேட்டது. வரிசையாக, நெருங்கி நெருங்கி. யாரோ ஏறி வந்துகொண்டிருந்தார்கள். பிறகு என் இடுப்பில் ஒரு பாதம். விலாவில் ஒரு பாதம். ஏதோ முறிந்தது.

"ஹெட்டி! நான்தான்! லூக்கு!"

"தெரியும். அசையாத."

தோளில் ஏறி நின்றாள். அவள் புருவம் கிழிந்து, ஒரு கண் மூடியிருந்தது. மற்ற கண் பீப்பாயின் பக்கம் போகவே இல்லை. மெர்வின் திரும்பிப் பார்த்தான்.

"வாடி, லாடக்காரி. அந்த முறிஞ்ச கைய வெச்சுக்கிட்டு இவ்ளோ தூரம் வந்துட்டியா? அந்த ரெண்டு விரலையும் நீட்டி எனக்கு வழி காட்டப்போறியா?"

ஹெட்டி இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியைக் கண்டதும் அவன் குரல் மாறியது.

"ஏய்... ஏய். பைத்தியமா உனக்கு? என் கை வேருக்கு அடியில இருக்கு. நீ இழுத்தா புல்லோட பிச்சுக்கிட்டு வரும்டி. தட்டு அளவு இல்ல, மேசை அளவுக்கு வரும். அந்தம்மா பார்த்துக்கிட்டு நிக்குது. ஆட்டமே போயிடும்!"

ஹெட்டி திரும்பிக் கரையைப் பார்த்தாள். மிஸ் ஆஷ்வொர்த் கொடிகளோடு நின்றார். கீழே, படியாகக் கிடந்த ஐவர் ப்ரோபர்ட், முகத்தைச் சேற்றிலிருந்து எடுத்துக் கத்தினார்: "ஹெட்டி, வேண்டாம்மா! பீப்பாய் போனா போகட்டும்! அடுத்த வருஷம் அவனப் பார்த்துக்கலாம்!"

"கேட்டியா?" என்றான் மெர்வின். இளித்தான். "பெரியவர் சொல்றதக் கேளு. அடுத்த வருஷம் வா."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். என் தோள்மேல் நின்றுகொண்டு யோசித்தாள் என்பதால் எனக்கு அது நீண்ட யோசனையாகத் தெரிந்தது. பிறகு வெறுங்கால் இரண்டையும் மேட்டில் முட்டுக்கொடுத்து, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தாள்.

முதலில் விரல்கள் போயின. சமையலறையில் காரட் ஒடிக்கும் சத்தம், அடுத்தடுத்து. மெர்வின் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. அவள் விடவில்லை, ஒடிந்த கையைத் திருப்பிப் பிடித்து மறுபடி இழுத்தாள். மணிக்கட்டும் போனது. இப்போது சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தோடு புல் கிளம்பியது. தட்டு அளவும் இல்லை, மேசை அளவும் இல்லை. ஈரக் கம்பளியை உதறியதுபோல மேட்டின் அந்தப் பக்கம் முழுவதும் எழும்பி, மடிந்து, எங்களைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கியது. பின்னாலேயே மண்.

நான் அகழியின் அடியில் கண் விழித்தபோது என் வாயில் களிமண், என் நெஞ்சின்மேல் ஒரு டின்லிக்காரன். சுற்றிலும் மண்ணிலிருந்து கைகளும் கால்களும் முளைத்திருந்தன. எவன் எந்த ஊர் என்று பார்க்க நேரமில்லை. என் பல்லை உடைத்தவனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டு, நகத்தால் தோண்டினோம். நாங்கள் இழுத்து எடுத்தவன் எல்லாம் எங்கோ ஓர் இடத்தில் உடைந்திருந்தான், ஆனால் மூச்சு இருந்தது. ஐவரைத்தான் காணவில்லை. பெயர் சொல்லிக் கத்தினோம். பதில் இல்லை. டின்லிக்காரர்கள்தான் முதலில் அவர் முதுகைக் கண்டுபிடித்தார்கள். அதன்மேல் நடந்து நடந்து பழகியிருந்ததால் அடையாளம் தெரிந்திருக்கலாம். தூக்கி நிறுத்தினோம். நீலம் பாய்ந்திருந்தது முகம். ஒருவன் முதுகில் ஓங்கி அறைந்தான். ஐவர் ஒரு கை மண்ணைத் துப்பினார். கண்ணைத் திறந்தார்.

"பீப்பாய் யார்கிட்ட?" என்றார்.

பீப்பாய் பலகை பலகையாகப் பிரிந்து கிடந்தது. மணி அடித்தது. உச்சியில் யாரும் இல்லை.

மிஸ் ஆஷ்வொர்த் கரையிலிருந்து சறுக்கி இறங்கி ஓடிவந்தார். கையிலிருந்த கொடிகளை எறிந்துவிட்டிருந்தார். எங்களை நோக்கி ஓடிவருகிறார் என்று நினைத்துச் சிலர் கையை நீட்டினார்கள். அவர் எங்களைத் தாண்டி, சரிந்த இடத்தில் பிளந்து நின்ற மண்சுவரின் முன்னால் போய் நின்றார். பழுப்பு, சாம்பல், செம்மண் என்று கோடு கோடாக இருந்தது அது.

"அய்யோ, எவ்வளவு அழகு," என்றார். "பாருங்க, ஒவ்வொரு கூடையும் தனித்தனியா தெரியுது! இது ஒருத்தன் கொட்டின கூடை. இது இன்னொருத்தன். தொள்ளாயிரம் வருஷமா யாருமே பார்க்காதது!"

"மேடம்," என்று அவர் காலடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "கொஞ்சம் நகர்ந்து நில்லுங்க. அது என் முட்டி."

அவர் நகர்ந்தார், மன்னிப்புக் கேட்டார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னார். இனி அகழிக்கு வெளியே வேலி. உள்ளே யாரும் கால் வைக்கக்கூடாது. ஆட்டம் முடிந்தது. சொல்லும்போது அவருக்கும் வருத்தம்தான். ஆனால் பேசிக்கொண்டே அளவுநாடாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

யாரும் ஹெட்டியைத் திட்டவில்லை. திட்ட முடியாது, அகழிக்குள் நடந்தது. வெளியே போனபின் திட்டவே கூடாது. ஊன்றியும் தாங்கியும் நொண்டியும் முற்றத்தைக் கடந்து, அகழிக்கு வெளியே போகும் வாயிற்கதவை நோக்கி நடந்தோம். என் ஒரு பக்கம் முழுக்க எரிந்தது. அக்கா என்னைத் தாங்கிப் பிடித்திருந்தாள், வலது கையால். அந்த விரல்கள் மடங்கவில்லை, ஆனால் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

கதவின் அந்தப் பக்கம் மெர்வின் நின்றிருந்தான். வலது கை, யாரோ கொடுத்த கழுத்துத்துணியில் சுற்றி, அவன் மார்பில் ஒரு செத்த கோழிபோலத் தொங்கியது. முகம் மெழுகு. ஆனாலும் முறை முறைதான். இடது கையால் கதவைத் திறந்து பிடித்தான். நாங்கள் கடந்து வெளியே வந்தோம். அவன் தொப்பியைத் தொடப் போனான். தொப்பி அகழியில் போயிருந்தது. நெற்றியைத் தொட்டான்.

"வணக்கங்க, ஹெட்டி."

"வணக்கங்க, மெர்வின். கை எப்படி இருக்கு?"

"மரம் அறுக்க ஆகாதுன்னு நினைக்கிறேங்க." அதையும் மீறி ஒரு சின்னச் சிரிப்பை வரவழைத்தான். "பரவாயில்லீங்க. அடுத்த வருஷம் உங்கள அகழில பார்க்கிற..."

அங்கே நின்றுவிட்டான். மெதுவாகத் தலையைத் திருப்பி மேட்டைப் பார்த்தான். மழையில் மிஸ் ஆஷ்வொர்த் மண்ணில் ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டிருந்தார். மெர்வின் திரும்பி ஹெட்டியைப் பார்த்தான். ஐவரைப் பார்த்தான். சுற்றி நின்ற இரண்டு ஊரையும் பார்த்தான். தன் காலைப் பார்த்தான். அகழிக்கு வெளியே, பொதுவழியில் நின்றுகொண்டிருந்தது.

"நீ..." என்றான். ஆமோஸ் பியூவின் பேரன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க," என்று திருத்தினான், "இதத் தெரிஞ்சேதான் இழுத்தீங்களா?"

"எதங்க?" என்றாள் ஹெட்டி.

மெர்வினின் தாடை அசைந்தது. இடது கை முஷ்டியாக மூடி, திறந்து, மூடியது. இரண்டு ஊரும் மூச்சு விடாமல் காத்திருந்தன. நான் விடத்தான் பார்த்தேன், விலா இடம் கொடுக்கவில்லை.

"ஒண்ணுமில்லீங்க," என்றான் கடைசியில். "பார்த்துப் போங்க. வழி வழுக்குது."

"நீங்களும் பார்த்துப் போங்க. ஞாயித்துக்கிழமை தேவாலயத்துல பார்ப்போம். கையப் பத்திக் கேக்கறேன்."

நெற்றியைத் தொட்டு மரியாதை செய்துவிட்டு, அக்கா என்னை இழுத்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள். அப்பத்துக்கு மாவு கரைக்க வேண்டும் என்றாள். என்னால் மெல்ல முடியாது என்று சொன்னேன். சரி, மெல்லிசாகச் சுடுகிறேன் என்றாள்.